மாவு வண்டு: காஸ்டேனியமா, கன்பியூசமா? அடையாளம் காண உதவி தேவை

புதுலென்ஸ்:
வணக்கம். சேமித்து வைத்த மாவில் வரும் வண்டுகளை இனம் பிரித்துப் பதிவு செய்து வருகிறேன். இப்போது கையில் இருப்பவை டிரைபோலியம் பேரினம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தட்டையான நீள உடல், செம்பழுப்பு நிறம், 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளம், இறக்கை உறைகளில் நெடுக வரும் மெல்லிய கோடுகள், எல்லாம் பொருந்துகிறது. அதற்கு மேல்தான் திணறுகிறேன். சிவப்பு மாவு வண்டான டிரைபோலியம் காஸ்டேனியமா, இல்லை அதன் நெருங்கிய உறவான டிரைபோலியம் கன்பியூசமா? ஒரே டப்பாவில் சில வெளிர் நிறம், சில அடர் நிறம். இரண்டு இனமும் கலந்திருக்கிறதா? ஒரு 10 மடங்கு லென்ஸும் சாதாரண ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பும் இருக்கின்றன. இதுவரை எடுத்த படங்கள் எல்லாம் மேலிருந்து எடுத்தவை.

சில்வண்டு:
நிறத்தை முதலில் விட்டுவிடுங்கள். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறித்தான் இருக்கும், ஓடு இறுக இறுகக் கருக்கும். வெளிர், அடர் என்ற வித்தியாசம் பெரும்பாலும் வயது வித்தியாசம்தான். நீளமும் கைகொடுக்காது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். காஸ்டேனியத்தில் கடைசி மூன்று கணுக்கள் திடீரென்று பெருத்து, தனிக் குண்டாந்தடி போல நிற்கும். கன்பியூசத்தில் அப்படி ஒரு எல்லை இருக்காது. நுனியை நோக்கிப் போகப் போகக் கணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே வரும். தலைக்கு அடுத்துள்ள முன்மார்பின் ஓரம் காஸ்டேனியத்தில் வளைவாகவும், கன்பியூசத்தில் சற்று நேராகவும் இருக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது புலப்படும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓரத்தின் வளைவை நம்ப வேண்டாம்.

ஆறுகால்:
சில்வண்டு சொன்னது சரி. ஆனால் என் அனுபவத்தில் கொம்பைவிட உறுதியான அடையாளம் கண்தான். அதற்கு வண்டை மல்லாக்கத் திருப்பியே ஆக வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியாது.

தலையின் அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு கூட்டுக்கண்களும் இடமும் வலமுமாகக் கரும்பட்டைகளாகத் தெரியும். அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியை ஒரு கண்ணின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். காஸ்டேனியத்தில் கண்கள் பெரியவை, நெருங்கி வந்திருக்கும். இடைவெளி ஏறக்குறைய ஒரு கண் அகலம்தான். கன்பியூசத்தில் கண்கள் சிறியவை, இடையில் சுமார் மூன்று கண் அகலம் வெற்றிடமாக இருக்கும். ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் என்பதால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

இன்னொன்று, கன்பியூசத்தில் ஒவ்வொரு கண்ணுக்கும் மேலே ஒரு சிறு முகடு இருக்கும். காஸ்டேனியத்தில் அது கிடையாது. வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொடுத்தால் முகட்டின் நிழல் விழும்.

புதுலென்ஸ்:
மிக்க நன்றி. இறந்த வண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். கொம்புகள் தலைக்கடியில் மடங்கிக் கிடக்கின்றன, கண்ணையும் பாதி மறைக்கின்றன. ஓடு பளபளப்பதால் வெளிச்சம் பட்டதும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஆறுகால்:
காய்ந்த வண்டை இழுத்தால் கொம்பு ஒடிந்துவிடும். வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள், மூட்டுகள் இளகும். அப்புறம் மெல்லிய முடிகள் கொண்ட தூரிகையால் கொம்பை அடியிலிருந்து நுனிப்பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் மெல்லிய மணல் பரப்பி, 70 சதவீத ஆல்கஹால் ஊற்றி, வண்டை மல்லாக்க மணலில் லேசாகப் பதித்துவிட்டால் எந்தக் கோணத்திலும் ஆடாமல் நிற்கும். திரவத்துக்குள் இருப்பதால் பளபளப்பும் குறையும். விளக்குக்கு முன்னால் ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்தால் மீதியும் போய்விடும்.

தானியக்காவல்:
இடையில் ஒரு கேள்வி. காஸ்டேனியம் பறக்கும், கன்பியூசம் பறக்காது என்று படித்தேன். அதை வைத்தே முடிவு செய்யலாமே?

சில்வண்டு:
பறப்பதைக் கண்ணால் பார்த்தால் அது கன்பியூசம் இல்லை என்று சொல்லலாம். பறக்கவில்லை என்பதால் மட்டும் எதுவும் சொல்ல முடியாது. காஸ்டேனியமும் நல்ல வெப்பம் இருந்தால்தான் பறக்கும், மற்ற நேரத்தில் மாவுக்குள்ளேயே ஊர்ந்துகொண்டிருக்கும். அதே மாதிரி, காஸ்டேனியம் வெப்பமான இடத்து வண்டு, கன்பியூசம் குளிர் தாங்கும் வண்டு என்பதும் பொதுப்போக்குதான். தானியத்தோடு சேர்ந்து இரண்டும் உலகெங்கும் பயணம் செய்துவிட்டன. ஊரைப் பார்த்து இனத்தை எழுதக் கூடாது.

புதுலென்ஸ்:
மணல் கிண்ணம் அருமையாக வேலை செய்தது. வெளிர் வண்டு, அடர் வண்டு இரண்டிலுமே கண்களுக்கிடையே ஒரு கண் அகலம்தான். கொம்பின் நுனியில் மூன்று கணுக்கள் தெளிவாகத் தனித்துத் தெரிகின்றன. எல்லாமே காஸ்டேனியம் என்று பதிவு செய்கிறேன்.

கூடவே ஒல்லியாக ஒரு வண்டு கிடைத்தது. முன்மார்பின் இரு ஓரங்களிலும் ரம்பம் போல ஆறு ஆறு பற்கள். ஓரைசீபிலஸ் பேரினமாக இருக்குமா?

ஆறுகால்:
ஆமாம், அந்தப் பற்கள் போதும். அதிலும் ஒரு இரட்டைச் சிக்கல் உண்டு, சுரினாமென்சிஸ், மெர்கேட்டர் என்று. அங்கேயும் கண்ணைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் மேலிருந்து. கண்ணுக்குப் பின்னால் முன்மார்பு வரைக்கும் உள்ள கன்னப்பகுதியின் நீளத்தைக் கவனியுங்கள். அது கண்ணின் நீளத்தில் பாதிக்கு மேல் இருந்தால் சுரினாமென்சிஸ். கண் பெரிதாக இருந்து, பின்னால் பாதிக்கும் மிகக் குறைவாக ஒரு சிறு முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் மெர்கேட்டர்.

தானியக்காவல்:
அரிசிக் கூன்வண்டு, மக்காச்சோளக் கூன்வண்டு இரண்டையும் இப்படிக் கண்ணை வைத்துப் பிரிக்கலாமா?

சில்வண்டு:
முடியாது. சைட்டோபிலஸ் ஒரைசே, சைட்டோபிலஸ் சீமெய்ஸ் இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து, இனப்பெருக்க உறுப்பின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் ஒரைசே, நெடுக இரண்டு பள்ளங்கள் ஓடினால் சீமெய்ஸ். அதைச் செய்யாதவரை பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, வண்டை ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.