கேமைக் குற்றம் சொன்னவர்களை நேரில் சந்தித்த அனுபவம் உண்டா? பகிருங்கள்

பழைய கன்சோல்

செய்தியிலோ மேடையிலோ வீடியோ கேமைக் குற்றம் சொன்னவர்களோடு உங்களுக்கு நேரடியாக ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். கேம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றம் வேண்டாம். நடந்தது போதும். நானே ஆரம்பிக்கிறேன்.

கல்லூரி நாட்களில் நாங்கள் ஐந்து பேர் வாரக் கடைசியில் சேர்ந்து விளையாடுவோம். எங்கோ ஒரு பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்து, உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. ஒரு செய்திச் சேனலிலிருந்து நிருபரும் கேமராக்காரரும் வந்தார்கள். இளைஞர்கள் ஏன் விளையாடுகிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். எங்களுக்கு ஒரே சந்தோஷம். 25 நிமிடம் பேசினோம். இருக்கிற ஒரே மருந்துப் பெட்டியை யாருக்குக் கொடுப்பது, பின்னால் வருகிறவனை எப்படிக் காப்பது, தோற்ற பிறகு யார் மேலும் பழி போடாமல் எப்படி அடுத்த ஆட்டத்துக்குப் போவது என்று எல்லாவற்றையும் சொன்னோம். அந்த நிருபரும் அக்கறையாகத்தான் கேட்டார்.

இரவு வந்தது பத்து வினாடி. என் நண்பன் "தலையில் சுட்டால் ஒரே அடியில் முடிந்துவிடும்" என்று சொல்கிற இடம் மட்டும். அவனிடம் கேட்ட கேள்வி "இந்த ஆட்டத்தின் விதிகள் என்ன?" என்பது. கேள்வியை வெட்டிவிட்டு பதிலை மட்டும் வைத்திருந்தார்கள். பின்னால் பயமுறுத்தும் இசை. அவன் வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவன் எங்களோடு விளையாட வரவே இல்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

பிறகுதான் இதன் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். 1976-இல் எக்ஸிடி நிறுவனத்தின் 'டெத் ரேஸ்'. கறுப்பு வெள்ளைத் திரையில் குச்சி குச்சியாக ஓடும் உருவங்கள் மேல் கார் ஏற்ற வேண்டும். அவை பிசாசுகள் என்றது நிறுவனம். பார்த்தவர்கள் கண்ணுக்கு மனிதர்களாகத் தெரிந்தன. அமெரிக்காவில் விபத்துத் தடுப்புக்காக இயங்கும் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் (National Safety Council) கண்டித்தது, பத்திரிகைகள் திட்டின. திட்டத் திட்ட விற்பனை ஏறியது. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் அதே இடத்தில் நிற்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

முன்னாள் டெஸ்க்

நண்பரே, அந்தப் பத்து வினாடியை வெட்டியவரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சேனலில் இல்லை, ஒரு நாளிதழில், இரவுப் பணியில் உதவி ஆசிரியராக.

ஓர் இளைஞன் செய்த கொலை. நிருபர் அனுப்பிய செய்தியில் கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒரு வரி: வீட்டைச் சோதித்தபோது ஒரு சண்டை கேமின் டிஸ்க் கிடைத்தது. பக்கம் முடிக்க இருபது நிமிடம்தான் இருந்தது. அந்த வரியைத் தலைப்புக்கு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றியது என் கை. மறுநாள் காவல்துறை பணத் தகராறுதான் காரணம் என்றது. அது உள்பக்கத்தில் சின்னக் கட்டமாகப் போனது.

ஒரு வாரம் கழித்து அந்த வீட்டிலிருந்து கடிதம் வந்தது. எழுதியது அவனுடைய தம்பி. அந்த டிஸ்க் தன்னுடையது, அண்ணனுக்கு அதை ஓட்டக்கூடத் தெரியாது, பள்ளியில் இப்போது தன்னைத்தான் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தான். நாங்கள் அதை வெளியிடவில்லை. வெளியிட வேண்டும் என்று நான் சண்டை போடவும் இல்லை. இந்தத் தொழிலில் நான் செய்த தவறுகளில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன்.

இது என் ஊழியத்தில் மட்டும் நடந்த விபத்து இல்லை என்று பின்னால் தெரிந்தது. 2004-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு சிறுவன் கொல்லப்பட்டான். 'மேன்ஹண்ட்' என்ற கேம்தான் காரணம் என்று பத்திரிகைகள் முழங்கின, பல கடைகள் அதை அலமாரியிலிருந்து எடுத்தன. நோக்கம் கொள்ளை என்றது காவல்துறை. அந்த கேம் கிடைத்ததோ கொன்றவனிடம் இல்லை, இறந்த சிறுவனின் அறையில். 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்ட அன்றே தொலைக்காட்சியில் கேமைக் காரணம் காட்டிப் பேசினார்கள். பிறகு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. சுட்டவன் சிறுவயதில் விளையாடியதாக அதில் இருப்பது 'சோனிக்'. நீல நிற முள்ளெலி ஓடுகிற அந்த ஆட்டம்தான்.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், முதல் நாள் இரவு யாருக்கும் எதுவும் தெரியாது. துப்பாக்கி எங்கிருந்து வந்தது, அவனுக்கு என்ன சிகிச்சை நடந்தது, யார் எச்சரித்தும் கேட்கவில்லை என்பதெல்லாம் வெளிவர மாதக் கணக்காகும். கேமுக்கு மட்டும் படம் கைவசம் இருக்கிறது. படம் கைவசம் இருக்கிற காரணம் முதல் காரணமாகிவிடுகிறது. அதற்குள் அடுத்த செய்தி வந்துவிடும்.

அந்தப் படத்தையாவது கவனமாகப் பார்த்தோமா என்றால் அதுவும் இல்லை. 2011-இல் பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி, ஐஆர்ஏ என்ற அயர்லாந்து ஆயுதக் குழுவைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தில் 1988-இல் எடுத்த காட்சி என்று சொல்லி ஒன்றை ஒளிபரப்பியது. அது 'ஆர்மா 2' கேமிலிருந்து எடுத்த துண்டு. ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அதை விதிமீறல் என்றது. விளையாடுகிற ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

உங்கள் நண்பரிடம், அவருக்குத் தெரியாத ஒருவன் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்லுங்கள்.

ரெண்டு பிள்ளைகளின் அம்மா

நான் எதிர்ப்பக்கம் இருந்தவள். எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன்.

2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் அடுத்தடுத்து ரெண்டு இடங்களில் துப்பாக்கிச்சூடு நடந்தது. அதிபர் டிரம்ப் பேசியபோது வன்முறை கேம்களையும் ஒரு காரணமாகச் சொன்னார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய் என் பெரியவனின் கணக்கை அழித்துவிட்டேன். அவன் விளையாடியது கட்டைகளை அடுக்கி வீடு கட்டுகிற ஆட்டம். அதில் என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இரவு ஒன்பது மணிக்கு என் கணவரிடமிருந்து அழைப்பு. அவர் அப்போது வேலைக்காகத் தொலைவில் இருந்தார். "தம்பி ஏன் இன்னும் வரலை? நான் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். எனக்கு எந்தப் பாலம் என்றே புரியவில்லை. ரெண்டு பேரும் எட்டு மாதமாகத் தினமும் அந்த நேரத்தில் உள்ளே சந்தித்து ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். போனில் பேசினால் ரெண்டு வார்த்தையில் முடித்துக்கொள்கிற பிள்ளை, பாலம் கட்டும்போது பள்ளியில் நடந்ததெல்லாம் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

கணக்கை மீட்க முடியவில்லை. மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

கடைசி லெவல்

மேலே எல்லோரும் எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் என் கதை வேறு. கேம் நிறுவனங்களை நாம் பாதுகாக்கிற தொனி வந்துவிடக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

என் தம்பி ஒரு கால்பந்து கேமில் அதிர்ஷ்டப் பெட்டி வாங்கி வாங்கி மூன்று மாதச் சம்பளம் அளவுக்குப் பணத்தை இழந்தான். உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று தெரியாது, பணம் கட்டித் திறக்க வேண்டும். திறக்கும்போது வெளிச்சமும் சத்தமும். "இன்னும் ஒன்று" என்று மறுபடி. வீட்டில் கண்டுபிடிக்கும்போது கடனும் சேர்ந்திருந்தது.

ஒரு மக்கள் பிரதிநிதி வீடியோ கேம்களுக்கு எதிராகத் தீவிரமாகப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு, நேரம் வாங்கிப் போய்ப் பார்த்தேன். ரசீதுகளையெல்லாம் அச்சடித்துக் கொண்டு போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "இதில் ரத்தம் வருமா?" இல்லை சார், கால்பந்து என்றேன். அவ்வளவுதான், முகத்தில் இருந்த ஆர்வம் போய்விட்டது. விளையாட்டுத்தானே, நல்லதுதானே என்றார். ரசீதுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்தபோது அழுகை வந்தது எனக்கு.

இத்தனைக்கும் அக்கறையாகப் பார்த்தவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில கேம்களின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொன்னது. 2019-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன் ஒரு பெரிய நிறுவனத்தின் அதிகாரி இந்தப் பெட்டிகளை 'ஆச்சரியம் தரும் ஏற்பாடு' என்று வர்ணித்தார், உறுப்பினர்கள் விடாமல் கேள்வி கேட்டார்கள். 2022 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்' நிறுவனமான எபிக் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு 52 கோடி டாலருக்கு உடன்பாட்டுக்கு வந்தது. அதில் 24.5 கோடி, தெரியாமல் பணம் செலவழிக்கும்படி பட்டன்களை அமைத்த குற்றச்சாட்டுக்காக, வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர. அந்த ஆணையத்தில் யாரோ உட்கார்ந்து, எந்த பட்டனை அழுத்தினால் பணம் போகிறது என்று பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள். அந்த மாதிரிக் குற்றச்சாட்டு எத்தனை வந்தாலும் நான் வரவேற்பேன். ரத்தத்தை மட்டும் தேடுகிறவர் என் தம்பிக்கு உதவ மாட்டார்.

வகுப்பறை

ஆசிரியை நான். எங்கள் பள்ளிக்கு ஓர் அரசியல் தலைவர் வந்தார். கேம் விளையாடுகிற பிள்ளைகள் நாளைக்குக் குற்றவாளிகளாவார்கள் என்று அரை மணி நேரம் பேசினார். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, நீங்கள் எந்த கேமைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குக் கை நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நான் எதையும் பார்த்ததில்லை, அம்மா" என்றார்.

அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கணினி அறைக்கு வந்து அவளுக்குப் பக்கத்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். அவள் சொல்லிக்கொடுத்தாள், அவர் மூன்று தடவை பள்ளத்தில் விழுந்தார். போகும்போது அவர் என்னிடம் கேட்டது நல்ல கேள்வி: "கேம் அட்டையில் வயது போட்டிருக்கிறதே, அதைப் பெற்றோர் பார்க்கிறார்களா?" பார்ப்பதில்லை என்று உண்மையைச் சொன்னேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதைப் பற்றி மட்டும் பேசினார்.

அந்த வயதுக் குறியீடு வந்ததே அரசியல் கண்டனத்தால்தான். 1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் லீபர்மேன், கோல் என்ற இரண்டு உறுப்பினர்கள் விசாரணை நடத்தினார்கள். 'மார்ட்டல் கோம்பாட்', 'நைட் ட்ராப்' என்ற இரண்டு கேம்களின் பெயரும் அங்கே அடிபட்டன. நைட் ட்ராப்பில் ஆடுகிறவரின் வேலை பெண்களைக் காப்பாற்றுவது. விசாரணையில் அதைத் தலைகீழாகப் பேசினார்கள். அது பெரிய தவறு. ஆனாலும் அடுத்த ஆண்டே, 1994-இல், இஎஸ்ஆர்பி என்ற தரக் குறியீட்டு அமைப்பு உருவானது. அது எனக்கு இன்றும் பயன்படுகிறது. அதனால் கண்டனமே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது.

பெற்றோர் என்னிடம் ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன். 2020 மார்ச்சில் அமெரிக்க உளவியல் சங்கம் தன் நிலைப்பாட்டைத் திருத்தி எழுதியது. கத்துவது, தள்ளிவிடுவது மாதிரியான முரட்டுத்தனத்தோடு வன்முறை கேம்களுக்குச் சின்னத் தொடர்பு இருக்கிறது. கொடிய வன்முறையோடு முடிச்சுப்போடப் போதிய ஆதாரம் இல்லை. முதல் பாதியையும் சேர்த்துத்தான் சொல்வேன். பாதியை மறைத்தால் நாமும் அந்தப் பத்து வினாடியைத்தான் வெட்டுகிறோம்.

பழைய கன்சோல்

எல்லோருக்கும் நன்றி. முன்னாள் டெஸ்க் எழுதியதை என் நண்பனுக்கு அனுப்பினேன். ஆறு வருடமாக நாங்கள் பிறந்தநாள் வாழ்த்து தவிர வேறு எதுவும் பேசியதில்லை. நேற்று இரவு பதில் வந்தது. "அந்த 25 நிமிடமும் எங்கேயாவது இருக்குமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

முன்னாள் டெஸ்க்

இருக்க வாய்ப்புக் குறைவு நண்பரே. ஒளிபரப்பு முடிந்ததும் டேப்பை அழித்து அடுத்த வேலைக்கு எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு என்ன சொன்னார் என்று அவருக்கு நினைவிருந்தால் இங்கே எழுதச் சொல்லுங்கள். கேள்வியோடு சேர்த்து எழுதட்டும்.