ஆப்பிரிக்காவில இருந்து வந்தவையின்ர எடை, பிரஷர், சுகர்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ

குரொய்டன் தாதி:
லண்டன் குரொய்டனில கிளினிக் நேர்ஸாய் இருக்கிறன். எங்கட ஆக்களைப் போல கானாக்காரரும் இஞ்ச கனபேர். அம்பது தாண்டின ஒரு கானா அம்மா, பராமரிப்பு இல்லத்தில இரவு வேலை. பிரஷர் 170க்கு மேல. முந்திப் போன இடத்தில "எடையைக் குறையுங்கோ" எண்ட ஒரு சொல்லோட அனுப்பிப் போட்டினமாம். பிறகு மருந்துக்குக்கூட அங்க போகேல்லை.

ஏன் எண்டு கேட்டன். "மெலிஞ்சுபோய் கானாவில குமாசியில இறங்கினா, லண்டனில பட்டினியோ, இல்லாட்டி எயிட்ஸோ எண்டுதான் ஊர் கதைக்கும்" எண்டா. எயிட்ஸ் ஆக்களை எலும்பாய் உருக்கின காலத்தைக் கண்டவ. அந்தப் பயத்தை அறியாமை எண்டு தள்ளிவிட எனக்கு மனமில்லை.

தராசை விட்டுப்போட்டுப் பாரிசவாதத்தைப் பற்றிக் கதைச்சம். அவவின்ர அக்காவுக்கு வந்ததாம். பாங்கு (banku), ஃபூஃபூ எண்ட அவையின்ர உருண்டைச் சாப்பாடுகளை நிப்பாட்டச் சொல்லேல்லை. உருண்டையைச் சின்னதாக்கி, கொண்டோமிரே கீரைக்குழம்பைக் கூட்டச் சொன்னன். உப்பு கூடுதலாய்ப் போறது குழம்புக்குப் போடுற மாகி சுவைக்கட்டியாலயும் உப்பு மீனாலயும். கட்டியைப் பாதியாக்க உடன ஓமெண்டா.

எடை கூடுறதைப் பரம்பரை எண்டு மட்டும் சொல்லேலாது. கானாவிலயும் ஐரோப்பாவிலயும் இருக்கிற கானாக்காரரை ஒப்பிட்டு 2016இல வந்த ரோடாம் ஆய்வில, கானாக் கிராமத்துப் பெண்களில உடற்பருமன் 8.3 வீதம், கானா நகரத்தில 33.9, லண்டனில 54.4. ஒரே சனம்தானே!

மேரிலாண்ட் லேப்:
அக்கா, நான் பார்த்தது வேற மாதிரி. நைஜீரியாக்காரர் ஒருத்தர், ஒல்லியான உடம்பு, டாக்ஸி ஓட்டுறார். ஏ1சி (ரெண்டு மூணு மாசச் சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்) நார்மல், ட்ரைகிளிசரைடுங்கிற ரத்தக் கொழுப்பும் குறைவு. ஆனா ராத்திரி நாலஞ்சு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். டாக்டர் விடாம குளுக்கோஸ் குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்கச் சொன்னார். சுகர் வியாதியேதான்!

அவருக்கு அரிவாள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளையிற ரத்த நோய்) மரபணு ஒண்ணு மட்டும் இருந்தது. நைஜீரியாவில் ஏறத்தாழ நாலு பேருக்கு ஒருத்தர்கிட்ட இது உண்டு. ஒண்ணு மட்டும் இருந்தா பொதுவா நோயா வெளிப்படாது, ஆனா ஏ1சியை உள்ளதைவிடக் குறைச்சுக் காட்டும். இன்சுலின் சரியா வேலை செய்யாதபோதும் ஆப்பிரிக்கர்கள் பலருக்கு ட்ரைகிளிசரைடு ஏறுறதில்லை. அதனால ரிப்போர்ட் நல்லா இருக்கேன்னு அனுப்பிடாதீங்க.

குரொய்டன் தாதி:
தம்பி, அந்த அம்மாவுக்கும் ஏ1சி நோர்மல் எண்டுதான் வந்தது. அரிவாள் செல் பாத்தவையோ எண்டு பதிவில தேடிப்போட்டு, குளுக்கோஸ் சோதனைக்கு டொக்டரைக் கேக்கிறன். ஞாயிறுகளில சேர்ச் முடிய பிரஷர் பாக்கிற மற்ற நேர்ஸ்மாருக்கும் இதைச் சொல்லோணும்.