'ரெட்ரோஃபிளெக்ஸ்': வளைவது ஒலியா, நாவா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ட, ண, ள, ழ ஆகியவற்றைக் குறிக்க மொழியியலில் வழங்கும் 'ரெட்ரோஃபிளெக்ஸ்' என்ற சொல்லுக்குப் 'பின்வளை ஒலி' என்று நேற்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். சொல்லுக்குச் சொல் சரிதான். லத்தீனில் 'ரெட்ரோ' என்றால் பின்னோக்கி. 'ஃபிளெக்டெரே' என்றால் வளைத்தல். அதிலிருந்து வந்த 'ஃபிளெக்சுஸ்', வளைக்கப்பட்ட என்னும் பெயரடை. ஆனால் பின்னோக்கி வளைவது ஒலியா? நா அல்லவா வளைகிறது! பெயரடை நாவைத் தாண்டிக் குதித்து ஒலியின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மருத்துவர்கள் இதே சொல்லைப் பின்புறம் மடிந்த கருப்பைக்கு வழங்குகிறார்கள். அங்கே வளைந்த உறுப்பு பக்கத்திலேயே நிற்பதால் குழப்பமில்லை.

இதற்கு முன் வழங்கிய பெயர்கள் இன்னும் வேடிக்கை. வடமொழி இலக்கணத்தார் இவற்றை 'மூர்த்தன்யம்' என்றார்கள். மூர்த்தன் என்றால் தலை, உச்சி. வாய்க்கூரையின் உச்சி என்று கொண்டால் பொருள் பொருந்திவிடும். ஐரோப்பியரோ தலையைப் பிடித்துக்கொண்டு மூளைக்கே போய்விட்டார்கள்! 'செரெப்ரும்' லத்தீனில் மூளை, அதிலிருந்து 'செரிப்ரல்'. 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்திலும் நம் டகரத்துக்கு அந்தப் பெயர்தான். அமெரிக்க மொழியியலாளர் விட்னி 1879இல் தம் சமஸ்கிருத இலக்கணத்தில் 'லிங்குவல்', அதாவது நாவொலி, என்று எழுதினார். தகரம் மட்டும் நாவில்லாமல் பிறந்துவிடுமா? முகடு என்று பொருள்படும் 'கக்குமென்' என்ற சொல்லிலிருந்து 'கக்குமினல்' என்றும் ஒன்று உண்டு. மூர்த்தன்யத்துக்கு நேர்மையான பெயர்ப்பு அதுதான். ஆனாலும் அது பரவலாக நிலைக்கவில்லை.

நம்மிடமே சொல் இருக்கும்போது எதற்கு லத்தீன் என்று முதலில் நானும் துள்ளினேன். 'நுனிநா அணரி அண்ணம் வருட ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்' என்கிறது தொல்காப்பியம். அண்ணம் என்றால் வாய்க்கூரை, அணர்தல் என்றால் மேல்நோக்கி எழுதல். 'அணரொலி' என்று எழுதிப் பார்த்தேன், அழகாக இருந்தது. ஆனால் எழுத்துகள் பிறக்கும் முறையைச் சொல்லும் அதே பிறப்பியலில் இன்னொரு நூற்பா 'அணரி நுனிநா அண்ணம் ஒற்ற' றகரமும் னகரமும் பிறக்கும் என்கிறது. அவை பல்லடிக்குப் பின்னுள்ள மேட்டில் பிறப்பவை. டகர ணகரத்துக்கோ வெறும் 'நுனிநா அண்ணம்'தான். அங்கே 'அணரி' இல்லை. ஆக, வேண்டாதவற்றை உள்ளே விட்டு, வேண்டியவற்றை வெளியே நிறுத்தும் சொல் அது. மனமில்லாமல்தான் கைவிட்டேன்.

'நாமடி ஒலி' என்பாரும் உண்டு. கண்ணாடி முன் நின்று, வாயை அகலத் திறந்து 'பாட்டு' என்று தொடங்கி, 'ட்'டிலேயே நிறுத்திப் பாருங்கள். நாக்கின் அடிப்புறத்து நரம்பு தெரிந்தால் உங்கள் நா உண்மையிலேயே மடிகிறது. ஒலியியல் அறிஞர்கள் லேடிஃபோகெடும் பாஸ்கரராவும் 1983இல் வெளியிட்ட எக்ஸ்ரே ஆய்வில் தமிழ், தெலுங்கு பேசுவோரின் நாவடி அண்ணத்தில் படுவதையும், இந்தி பேசுவோர் நுனியாலேயே முடித்துக்கொள்வதையும் காட்டினார்கள். இந்தி டகரத்தை 'நாமடி' என்றால் அது மிகை. ஆகவே பொதுப்பெயராக 'வளைநா ஒலி' இருக்கட்டும். புதிய சொல் அல்ல, சிலர் எழுதிவருவதுதான். நாவடி படும் நம் வகைக்கு மட்டும் 'மடிநா ஒலி' என்று தனியே வைத்துக்கொள்ளலாம். லத்தீன் விட்டுவிட்ட நாவும் உள்ளே வந்துவிடுகிறது.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். இதழொலி, பல்லொலி, அண்ணவொலி எல்லாம் இடத்தால் பெற்ற பெயர்கள்; வளைநா மட்டும் நாவின் வடிவத்தால் பெற்ற பெயர். வரிசை கெடுகிறதுதான். அது மூலச்சொல்லிலேயே உள்ள கோணல். நாம் நிமிர்த்த வேண்டியதில்லை.

டகரம் வளைநா வெடிப்பொலி, ணகரம் வளைநா மூக்கொலி, ளகரம் வளைநா மருங்கொலி (காற்று நாவின் பக்கவாட்டில் வெளியேறுவது) என்று அட்டவணையை நிரப்பிவிட்டேன். ழகரத்தில்தான் நிற்கிறது. நா அண்ணத்தை நெருங்கும், ஆனால் தொடாது. 'நெருங்கொலி' என்றால் பக்கத்துக் கட்டத்து 'மருங்கொலி'யோடு எதுகை போட்டு மாணவரைக் குழப்பும். வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?