அப்பா அம்மாவுக்கு ஆபீஸ் இன்ஷூரன்ஸா, வெளியே தனி பாலிசியா?

தாம்பரம்_லோக்கல்:
ஆபீஸில் மெடிக்கல் இன்ஷூரன்ஸில் ஆள் சேர்க்கும் விண்டோ திறந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை மூடிவிடுவார்கள். எனக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் கம்பெனியே கட்டுகிறது, அப்பா அம்மாவைச் சேர்த்தால் மட்டும் என் சம்பளத்தில் பிடித்தம். இரண்டு பிளான். 3 லட்சம் கவர், 20% கோ-பே (கிளெய்மில் நம் கையிலிருந்து கட்டும் பங்கு), வருடத்துக்கு 22,000. இல்லையென்றால் 5 லட்சம், 10% கோ-பே, 37,000. அப்பாவுக்கு 66 வயது, சுகர். அம்மாவுக்கு 61, பிபி மாத்திரை போடுகிறார். இவ்வளவு காசுக்கு வெளியே தனி பாலிசியே எடுத்துவிடலாம் என்கிறார் மச்சான். என்ன செய்யலாம்?

கிளெய்ம்பார்ட்டி:
மச்சான் பேச்சை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வெளியே எடுத்தால் ஏற்கனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. இன்ஷூரன்ஸ் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024-ல் அதன் உச்ச வரம்பை 4 வருடத்திலிருந்து 3 ஆகக் குறைத்தார்கள்தான், ஆனால் சுகர்காரருக்கு 3 வருடமே அதிகம். ஆபீஸ் குரூப் பாலிசியில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் உண்டு.

நீங்கள் கேட்காமல் விட்டது ரூம் வாடகை வரம்பு. 3 லட்சம் பிளானில் நாளுக்கு 1% என்று இருந்தால் 3,000 ரூபாய். அப்பாவை 6,000 ரூபாய் ரூமில் சேர்த்துவிட்டால் வாடகையில் மட்டும் கை வைக்க மாட்டார்கள், டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டுவார்கள். பில் 2 லட்சம், அதில் மருந்து, ஸ்டென்ட், ஸ்கேன் 80,000 என்று வையுங்கள் (இவற்றை அந்தக் கணக்கில் வெட்டக் கூடாது). மீதி 1,20,000 அறுபதாயிரம் ஆகிவிடும். அப்புறம் மொத்தத்தில் 20% கோ-பே. கடைசியில் உங்கள் கையிலிருந்து 88,000 போகும்.

பழைய_ரெஜிம்:
5 லட்சத்துக்கே என் ஓட்டு. வருமான வரியில் 80டி கழிவு இருக்கிறதே, அதில் 60 தாண்டிய பெற்றோருக்கு 50,000 வரை உண்டு, சம்பளத்தில் பிடித்த பிரீமியத்துக்கும்தான், ஆனால் புது வரி ரெஜிமில் இருந்தால் ஒன்றும் கிடையாது. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை, குரூப்புக்கு 18% அப்படியே இருக்கிறது. அந்த 37,000 வரியோடு சேர்த்தா என்று எச்ஆரிடம் கேளுங்கள்.

தாம்பரம்_லோக்கல்:
கேட்டேன், வரியோடுதான். 5 லட்சத்தில் சிங்கிள் ஏசி ரூம் வரை தடையில்லையாம். சரி, வேலை மாறினால்?

கிளெய்ம்பார்ட்டி:
போன நாளோடு கவரும் போச்சு. அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாற வழி உண்டு, ஆனால் ராஜினாமா செய்துவிட்டு நோட்டீஸ் பீரியடிலேயே எழுதிக் கேளுங்கள், கடைசி நாள் வரை தள்ளிப் போடாதீர்கள். மச்சான் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது: 5 லட்சம் டிடக்டிபிளோடு ஒரு சூப்பர் டாப்-அப் (வருடத்தில் பில் 5 லட்சத்தைத் தாண்டினால் மீதியைக் கொடுக்கும் பாலிசி) இப்போதே சொந்தப் பெயரில் எடுத்தால், காத்திருப்புக் காலம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சுகரை மறைக்காமல் எழுதுங்கள்.

மருமகன்2:
மாமனார் மாமியாரைச் சேர்க்க முடியுமா என்று வீட்டில் கேட்பார்கள், தயாராக இருங்கள். எங்கள் ஆபீஸில் பெற்றோர் அல்லது மாமனார் மாமியார், இரண்டில் ஒரு ஜோடிதான். டிக் பண்ணிவிட்டால் அடுத்த வருட விண்டோ வரை மாற்றவும் முடியாது.