ஜிபிஎஸ் டைம் 18 செகண்ட் முன்னாடி ஓடுது, ரிப்பேரா?

கேள்வி: ஆபீஸ்ல ஒரு ஜிபிஎஸ் ரிசீவர் இருக்கு, அதோட ஜிபிஎஸ் டைம எடுத்துப் பாத்தா சர்வர விட கரெக்டா 18 செகண்ட் முன்னாடி நிக்குது. ரிசீவர் போச்சா, இல்ல லீப் செகண்ட் (கடிகாரத்துல அப்பப்ப கூடுதலா சேக்குற ஒரு செகண்ட்) மேட்டரா?

பதில்: ரிப்பேர்லாம் இல்ல ப்ரோ. ஜிபிஎஸ் கடிகாரத்த 1980 ஜனவரில ஓட விட்டதோட சரி, லீப் செகண்டே சேக்க மாட்டாங்க. பூமி சுத்துறது அணுக்கடிகாரம் மாதிரி சீரா இருக்காதுல்ல, அதனால யூடிசில (சர்வர்லாம் ஃபாலோ பண்ற உலகப் பொது நேரம்) 1972லேருந்து 27 சேத்தாங்க, அதுல 18 1980க்கு அப்புறம். கடைசி 2016 டிசம்பர் 31, நமக்கு ஜனவரி 1 காலைல 5:29:60.

பதில்: அய்யோ ஞாபகப்படுத்தாதீங்க!! 2012 ஜூலை 1, ஞாயித்துக்கெழம விடிகாலைல லீப் செகண்ட் சேத்ததும் போன் அடிச்சு எழுப்புனாங்க, ஜாவா ஓடுற லினக்ஸ் மெஷின் எல்லாம் சிபியு 100%ல நிக்குது, லாக்ல ஒண்ணுமே இல்ல, கடைசில டேட்ட திரும்ப செட் பண்ணதும் கப்புனு அடங்கிடுச்சு. லினக்ஸ் கெர்னல்ல (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) இருந்த பிழையாம்.

பதில்: 2035க்குள்ள இந்த தலைவலிய நிறுத்தணும்னு 2022ல வெர்சாய்ல (பிரான்ஸ்) நடந்த உலக அளவீட்டு மாநாட்டுலயே முடிவு பண்ணியாச்சு.

கேள்வி கேட்டவர்: தேங்க்ஸ் மக்களே. புது ரிசீவர் வேணும்னு மேனேஜருக்கு மெயில் போட்டுட்டேனே 😭