பிட்காயின் அனுப்பி 3 நாள் ஆச்சு, இன்னும் 'அன்கன்ஃபர்ம்ட்' (பிளாக்ல ஏறலை). ஃபீஸ் ஏத்தலாமா, காத்திருக்கலாமா?

தறிநூல்:
வணக்கம். எலெக்ட்ரம் டெஸ்க்டாப் வாலட், முகவரி பிசி1கியூ-ன்னு ஆரம்பிக்கிற வகை. ஒரு ஆன்லைன் கடைக்கு 4,00,000 சாட் (0.004 பிட்காயின்) அனுப்பினேன். இன்புட் (செலவாகிற பழைய துண்டு) 23, அவுட்புட் (கடைக்கு ஒண்ணு, மீதிக்காசு எனக்கு ஒண்ணு) 2, அளவு சுமார் 1,640 விபைட் (டிரான்சாக்ஷனோட எடையை அளக்கிற அலகு), ஃபீஸ் 3,280 சாட். 20 இன்புட் தலா 10,000 சாட், மீதி 3 தலா 1,50,000. எல்லாம் ஒரே முகவரியில் வாங்கியவை. ஆர்பிஎஃப் (அனுப்பின பிறகும் ஃபீஸ் ஏத்தி மாற்ற விடுற வசதி) ஆன்ல இருக்கு. அடுத்த பிளாக்குக்கு இப்போ விபைட்டுக்கு 15 சாட் காட்டுது.

பணம் போயிடுச்சா? வேற காசிலிருந்து மறுபடி அனுப்பலாமா? 4 லட்சத்துக்கு 3,280 ஃபீஸ் அவ்வளவு குறைவா?

மேகமலை:
பணம் எங்கேயும் போகலை. வேற காசிலிருந்து மட்டும் தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. பழைய டிரான்சாக்ஷனோட ஒரு இன்புட்டையாவது புதுசு தொட்டால்தான் ரெண்டுல ஒண்ணு செல்லாமப் போகும். புதுசா வாங்கின காசை அனுப்பினா ரெண்டும் செல்லும், கடைக்கு 8 லட்சம் சாட் போய்ச் சேரும்.

ஃபீஸ் தொகையைப் பார்த்து வர்றதில்லை, எடையைப் பார்த்து வருது. பார்சல் ஆபீஸ்ல உள்ளே தங்கமா தவிடான்னு பார்க்காம தராசுல வைக்கிற மாதிரி. பிசி1கியூ இன்புட் ஒண்ணு 68 விபைட், அவுட்புட் ஒண்ணு 31, பொதுச் செலவு 10 சொச்சம். 23 இன்புட்டுக்கே 1,564 விபைட் ஆயிடுச்சு. அதனால நீங்க குடுத்தது விபைட்டுக்கு 2 சாட்தான். 15 குடுக்கிறவங்க எல்லாரும் போன பிறகுதான் மைனர் (டிரான்சாக்ஷன்களைப் பிளாக்ல சேர்க்கிறவர்) உங்க பக்கம் திரும்புவார்.

செய்ய வேண்டியது: ஹிஸ்டரி டேப்ல அந்த வரியில் ரைட் கிளிக், 'இன்க்ரீஸ் ஃபீ'. ரேட்டை 15 ஆக்குங்க, மொத்த ஃபீஸ் 24,600 சாட் வரும். அங்கேயே 'பிரிசர்வ் பேமெண்ட்', 'டிக்ரீஸ் பேமெண்ட்'னு ரெண்டு இருக்கும். முதல்தைத் தேர்ந்தெடுங்க. ரெண்டாவதை எடுத்தா ஏத்தின ஃபீஸ் கடைக்குப் போற தொகையில் கழியும், பில் குறைவா நிற்கும். முதல்தில் உங்க மீதிக்காசிலிருந்து கழியும். அது 2,46,720 இருக்கு, தாராளம்.

ஏத்தினதும் டிஎக்ஸ் ஐடி (டிரான்சாக்ஷனோட அடையாள எண்) மாறிடும். பழைய ஐடியைக் கடைக்குக் கொடுத்திருந்தா புதுசை அனுப்புங்க.

செம்பருத்தி12:
ஏத்துறதுக்கு முன்னாடி கடைக்கு எழுதிக் கேளுங்க. இப்படிப்பட்ட பில்கள் பெரும்பாலும் 15 நிமிஷம் போலத்தான் விலையைப் பிடிச்சு வைக்கும். 3 நாள் கழிச்சு வர்ற பணத்தை இன்றைய விலையில் கணக்கிட்டு 'போதாது'ன்னு சொல்ல வாய்ப்பு இருக்கு. ஏத்துக்க மாட்டோம்னா, அதே ரைட் கிளிக் மெனுவில் 'கேன்சல்' போட்டு உங்களுக்கே திருப்பிக்கோங்க. ஆர்டர் எண், டிஎக்ஸ் ஐடி ரெண்டையும் ஒரே மெயில்ல வைங்க.

சும்மா காத்திருக்கவும் செய்யலாம். வழக்கமான அமைப்பில் நோடுகள் (நெட்வொர்க்கை நடத்துற கணினிகள்) 14 நாள் (336 மணி நேரம்) வைத்திருந்து விட்டுவிடும். 300 எம்பி மெம்பூல் (ஏறக் காத்திருக்கிற டிரான்சாக்ஷன்களோட வரிசை) நிரம்பினா குறைஞ்ச ஃபீஸ் உள்ளது அதுக்கு முன்னாடியே வெளியே போகும். ஆனா அதை இறுதி ரத்துன்னு எடுத்துக்காதீங்க. கையெழுத்துப் போட்ட டிரான்சாக்ஷனை யார் வேணும்னாலும் மறுபடி ஒலிபரப்பலாம்.

இன்னொண்ணு, இந்த மாதிரி கேள்வி போட்டதும் 'ஆக்ஸிலரேட் பண்ணித் தர்றேன்'னு தனிச்செய்தி வரும். வாலட்டோட 12 ரகசியச் சொற்களைக் கேட்கிறவர் திருடர். ஃபீஸ் ஏத்த உங்க வாலட்டைத் தவிர வேற யாரும் தேவையில்லை.

தறிநூல்:
நன்றி. 24,600 கொஞ்சம் வலிக்குது. 3 பெரிய இன்புட்டே 4,50,000 வருதே, வாலட் ஏன் 23-ஐயும் எடுத்துச்சு? அந்த 10,000 துண்டுகளை விலை ஏறட்டும்னு அப்படியே வச்சிருந்தேன்.

கணுவிளக்கு:
எலெக்ட்ரம் ஒரே முகவரியில் கிடக்கிற துண்டுகளைச் சேர்த்தே எடுக்கும். தனியுரிமைக்காக அப்படி வச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் புது முகவரியில் வாங்கியிருந்தா இந்தச் சிக்கலே இல்லை.

நீங்க கேட்ட வழி உண்டு. அந்த 3 பெரிய இன்புட் மட்டும், கடைக்கு 4,00,000, மீதி உங்களுக்கு. அளவு 277 விபைட், 15 வீதம் ஃபீஸ் 4,155 சாட். மாற்று டிரான்சாக்ஷனுக்கு ரெண்டு விதி: மொத்த ஃபீஸ் பழையதைவிடக் கூடணும், அதுக்கு மேல புதுசோட ஒவ்வொரு விபைட்டுக்கும் 1 சாட் சேர்த்தா பாதுகாப்பு (2025-லிருந்து வந்த புது நோடுகளுக்கு அதைவிடக் குறைவே போதும்). 3,280 + 277 = 3,557. உங்க 4,155 அதைத் தாண்டுது, அந்த 3 இன்புட் பழையதிலும் இருக்கிறதால மோதலும் உறுதி. மேகமலை சொன்ன 24,600-ஐவிட 20,445 சாட் மிச்சம். பிட்காயின் 1,00,000 டாலர்னு வச்சா 20 டாலர் சொச்சம்.

ஆனா ஃபீஸ் ஏத்துற மெனு பழைய இன்புட்டுகளை அப்படியே வச்சுக்கும். இதை ரா டிரான்சாக்ஷனாக் கையால எழுதணும். அதில் ஃபீஸுக்குன்னு தனிக் கட்டமே கிடையாது. இன்புட் மொத்தத்துக்கும் அவுட்புட் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபீஸ். மீதிக்காசு 45,845 சாட்டுக்கான அவுட்புட்டை எழுத மறந்தீங்கன்னா, மைனருக்கு மொத்தம் 50,000 போயிடும், திரும்பாது. கையெழுத்துப் போட்டதும் ஒலிபரப்பாம, வாலட்ல திறந்து ஃபீஸ் 4,155-தானான்னு பாருங்க. கை நடுங்கினா மேகமலை சொன்ன வழியே போதும்.

துண்டுகள் விஷயம்: விலை ஏற்றம் அதைக் காப்பாத்தாது. ஃபீஸும் சாட்லதானே. 15 சாட் வீதத்தில் ஒரு துண்டைச் செலவழிக்க 1,020, பத்தில் ஒரு பங்கு. 100 போனா 6,800. 147-ஐத் தாண்டினா துண்டையே முழுங்கிடும். 2024 ஏப்ரல் 20-ல் 8,40,000-வது பிளாக்குக்கு மட்டும் 37 பிட்காயினுக்கு மேல ஃபீஸ் விழுந்தது, அன்னைக்கு இந்த மாதிரித் துண்டு அசையவே முடியாது. அதே வருஷம் டிசம்பர்ல விலை முதல்முறையா 1,00,000 டாலரைத் தாண்டினப்பவும் 10,000 சாட் 10,000 சாட்தான். மெம்பூல் காலியா, 1 சாட் போதும்னு இருக்கிற நாள்ல 20-ஐயும் உங்க புது முகவரி ஒண்ணுக்குச் சேருங்க: 1,360 + 31 + 10, ஏறக்குறைய 1,400 சாட். அன்றாடக் கடைச் செலவுக்கு இனி லைட்னிங் (சின்னத் தொகையைக் குறைஞ்ச ஃபீஸில் உடனே அனுப்புற வழி) வாலட் வச்சுக்கோங்க.

மேகமலை:
இந்தியாவில் வரி கட்டுறவரா இருந்தா ஒண்ணு குறிச்சு வைங்க. பிட்காயின் கொடுத்துப் பொருள் வாங்குறதும் கைமாத்தம்தான். லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அந்த வரி மேல 4 சதவீதம் செஸ். வாங்கின விலையைத் தவிர வேற செலவைக் கழிக்க முடியாது, அதனால இந்த நெட்வொர்க் ஃபீஸும் கழியாது. கடைக்குப் போன தேதி, அன்றைய ரூபாய் மதிப்பு, புது டிஎக்ஸ் ஐடி மூணையும் இப்பவே எழுதிடுங்க.

தறிநூல்:
கடை இன்றைய விலைக்கு ஒத்துக்கிட்டாங்க, கூடுதல் எதுவும் கேட்கலை. 'பிரிசர்வ் பேமெண்ட்' போட்டு 15-க்கு ஏத்தினேன். ரெண்டாவது பிளாக்ல ஏறிடுச்சு, கடைக்கு 4,00,000 முழுசாக் காட்டுது. அந்த 20 துண்டும் இதிலேயே செலவாயிடுச்சு, மீதி ஒரே அவுட்புட்டா புது முகவரியில் இருக்கு.