ரியோக்கான் அறை வரைவு: பாயில் தொடங்குவதா, தூணில் தொடங்குவதா?

வரைபலகை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கியோட்டோவில் அமைவதாக வைத்துக்கொண்டு, இரண்டு மாடி மர ரியோக்கான் (ஜப்பானிய மரபுவழி விடுதி) ஒன்றைப் படிப்புக்காக வரைந்துகொண்டிருக்கிறேன். விருந்தினர் அறை எட்டுப் பாய் அளவு. தூண் மையத்துக்குத் தூண் மையம் 3636 மி.மீ. என்று போட்டேன். கியோட்டோ அளவுத் தத்தாமி (தரையில் விரிக்கும் தடித்த பாய்) உள்ளே அடங்க மாட்டேன் என்கிறது. அளவை எங்கிருந்து பிடிப்பது?

இன்னும் இரண்டு சந்தேகம். நாள்தோறும் ஆள் மாறும் விடுதியில் மண் சுவரும் காகிதக் கதவும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? ஹினோக்கி (ஜப்பானிய சைப்ரஸ்) மரக் குளியல் தொட்டி வைத்தால் எதெது கெடும், அதற்கு வரைபடத்திலேயே என்ன செய்துவைக்க வேண்டும்?

பாய்க்கணக்கு:

கியோட்டோ என்றால் பாயில் தொடங்குங்கள். அங்கே பாய் 1910 × 955 மி.மீ. எட்டுப் பாய்க்கு இரு பக்கமும் 3820 மி.மீ. வரும். இது தூணின் உள்முகத்துக்கு உள்முகம் உள்ள வெற்றிடம். தூண் 120 மி.மீ. தடிமன் என்றால் மையத்துக்கு மையம் 3940. நீங்கள் எடுத்த 3636 எடோ (இன்றைய டோக்கியோ) பக்கத்துக் கணக்கு. 1818 மி.மீ. இடைவெளியில் தூணை நட்டுவிட்டு, மிஞ்சுகிற இடத்துக்குப் பாயை நறுக்குவது அந்த ஊர் வழக்கம். அதனால்தான் கிழக்கே பாய் 1760 × 880 என்று சிறுத்துப்போகிறது. இரண்டையும் ‘எட்டுப் பாய் அறை’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒன்று 14.6 சதுர மீட்டர், மற்றது 12.4. கட்டில் போடாத விடுதி அறைக்குச் சட்டம் கேட்கும் குறைந்த அளவு 7 சதுர மீட்டர்தான். ஆக எதை எடுத்தாலும் சட்டச் சிக்கல் இல்லை. ஒரே கட்டடத்தில் இரண்டு கணக்கையும் கலந்தால்தான் சிக்கல்.

பாய் அளவில் தொடங்கினாலும் தயாராக வெட்டிய பாயை வாங்கிவந்து போட்டுவிட முடியாது. சுவர்ப் பூச்சு முடிந்த பிறகு பாய்க்காரர் வந்து நான்கு பக்கத்தையும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளப்பார். ஒவ்வொரு பாயும் தன் இடத்துக்கென்றே தைக்கப்படும், அடியில் இட எண் குறிக்கப்படும். அறை அரை செ.மீ. கோணலாக இருந்தாலே பாயின் ஓரத்துணியும் தரைச் சட்டமும் இணையாக ஓடாமல் கண்ணை உறுத்தும்.

வரைபடத்தில் பலரும் விடுவது தடிமனை. தத்தாமி 55 முதல் 60 மி.மீ. வரை. பாய்க்கு அடியில் வரும் பலகைத் தளத்தை அந்த அளவுக்குக் கீழே இறக்காவிட்டால் தாழ்வாரத்துக்கும் அறைக்கும் நடுவே காலைத் தட்டும் படி வந்துவிடும். கதவின் மேல்சட்ட உயரத்தையும் பாயின் மேற்பரப்பிலிருந்தே எடுங்கள். பழைய அளவு சுமார் 1757 மி.மீ. இன்றைய விடுதிகளில் கூடுதலாக வைக்கிறார்கள்.

சறுக்குக் கதவின் காடி கீழ்ச்சட்டத்தில் 2-3 மி.மீ., மேல்சட்டத்தில் 15 மி.மீ. ஆழம். கதவை மேலே தூக்கிக் கீழ்ப்பக்கத்தை வெளியே இழுத்தால் கழன்று கையோடு வரும். இரண்டு அறையை ஒரே கூடமாக்குவதும், கிழிந்த கதவை விருந்தினர் வருவதற்குள் மாற்றுவதும் இதனால்தான் முடிகிறது. மேல்சட்டம் பளு தாங்கக்கூடாது. உத்தரத்தின் பாரம் அதன்மேல் இறங்கினால் நடுவில் தொய்ந்து கதவு இறுகும். அப்புறம் கதவைச் சீவிச் சீவிப் பயனில்லை.

பாய் விரிப்பில் இரண்டை மட்டும் மறக்காதீர்கள். நான்கு மூலைகள் ஒரே புள்ளியில் கூடக்கூடாது. தோக்கோனோமா என்னும் அலங்கார மாடத்துக்கு முன்னால் வரும் பாயின் நீளப்பக்கம் மாடத்துக்கு இணையாகக் கிடக்க வேண்டும், மாடத்தைக் குத்துவதுபோல் நிற்கக்கூடாது.

பழைய முறைப் பாயின் உடல், சுமார் 40 செ.மீ. உயரத்துக்கு அடுக்கிய வைக்கோலை 5 செ.மீ. ஆக அமுக்கித் தைத்தது. மேலே இருப்பது இகுசா கோரை நெசவு, ஜப்பானில் விளையும் இகுசா பெரும்பாலும் குமமோத்தோ வட்டாரத்தது. வீட்டில் 3-5 ஆண்டில் அந்த நெசவைத் திருப்பிப் போடுவார்கள், பிறகு நெசவை மட்டும் புதிதாக்குவார்கள், உடல் அப்படியே இருக்கும். விடுதியில் இது இன்னும் சீக்கிரம் வரும். கழற்றிக் கழற்றி மாற்றத்தான் இந்த அறையே கட்டப்படுகிறது. அதனால் பாயின்மேல் நிலையாக எதையும் பொருத்தாதீர்கள். மேசைக்குக் கூர்ங்கால் வேண்டாம், அகலமான அடிச்சட்டம் வையுங்கள்.

கரணை:

சுவருக்கு வருகிறேன். தூண்களுக்கு இடையே பிளந்த மூங்கிலை வரிச்சாகக் கயிற்றால் கட்டி, அதன்மேல் களிமண் அப்புவார்கள். மண்ணில் நறுக்கிய வைக்கோலைக் கலந்து மிதித்து மாதக்கணக்கில் ஊறப்போட வேண்டும். வைக்கோல் மக்கி வரும் சாறுதான் பிசுபிசுப்பைத் தருகிறது. முதல் பூச்சு, முழுசாக உலர்ந்தபின் மணல் சேர்த்த நடுப்பூச்சு, கடைசியில் சில மி.மீ. கனத்தில் மேல்பூச்சு. கியோட்டோவில் மேல்பூச்சுக்கு ஜுராக்கு மண் பெயர்போனது. வேலை அவசரத்தில் அடிப்பூச்சின் ஈரம் போகுமுன் அடுத்ததை ஏற்றினால் விரிசலும் கறையும் நிச்சயம். வேலைத்திட்டத்தில் மண் சுவருக்கு மாதங்களை ஒதுக்குங்கள்.

இன்னொரு குறை, மண் சுருங்கும்போது தூணுக்கும் சுவருக்கும் நடுவே கோடுபோல் விழும் இடைவெளி. அதைத் தடுக்கத் தூணின் பக்கவாட்டில் சிறு காடி எடுத்து, மெல்லிய துணிப்பட்டையைத் தூணில் அறைந்து, அதன் நுனியைப் பூச்சுக்குள் புதைப்பார்கள். பட்டை வெளியே தெரியாது, ஆனால் சுருங்கும் மண்ணைத் தூணோடு பிடித்துவைக்கும்.

விருந்தினர் முதுகு சாயும் இடத்தில் மண் உதிர்ந்து உடையில் ஒட்டும் என்ற பயம் நியாயமானதே. தேநீர் அறைகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன: சுவரின் அடிப்பாகத்தில் கெட்டியான வாஷி காகிதத்தை ஒட்டுவது. தேநீர் பரிமாறுபவர் பக்கம் சுமார் 27 செ.மீ. உயரம், விருந்தினர் பக்கம் அதைப்போல் இரு மடங்கு. கறைபட்டால் காகிதத்தை மட்டும் மாற்றினால் போதும்.

சட்டப்படியும் மண்ணும் சுண்ணாம்பும் உங்களுக்கு உதவும். கட்டடத்தின் பரப்பையும் அமைப்பையும் பொறுத்து, விடுதி அறைகளில் தரையிலிருந்து 1.2 மீட்டருக்கு மேல் உள்ள சுவரும் கூரையடியும் எளிதில் தீப்பிடிக்காத பொருளாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வரும். கீழே மரப்பலகை, மேலே ஷிக்குயி சுண்ணாம்புப் பூச்சு என்று பிரித்தால் மரமும் கிடைக்கும், விதியும் நிறைவேறும். சுண்ணாம்போடு கடற்பாசிக் கூழும் சணல் நாரும் சேர்த்த பூச்சு அது. எரியாத பொருள் பட்டியலில் இருக்கிறது.

ஷோஜி என்னும் சறுக்குக் கதவின் காகிதம் கோஸோ மரப்பட்டை நாரில் செய்தது. நார் நீளமானதால் மெல்லியதாக இருந்தும் இழுவை தாங்கும். ஆனால் மழைச்சாரல் ஆகாது. ஆகவே அதை நேராக வெளிப்பக்கம் வைக்காதீர்கள். வெளியே கண்ணாடிக் கதவு, நடுவே ஒரு மீட்டர் அகலத் தாழ்வாரம், அதற்குள்ளே ஷோஜி. மேலே இறவாரம் 90 செ.மீ. நீட்டுங்கள். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் மண் சுவர், காகிதம், கோரை மூன்றையும் காப்பது அதுதான்.

காகிதம் மாற்ற: சட்டகத்தை நனைத்துச் சில நிமிடம் விட்டு உரித்து, பழைய பசையைக் கழுவி, நிழலில் காயவிட வேண்டும். துண்டு துண்டாக ஒட்டுவதானால் கீழிருந்து மேலே போங்கள். அப்போது ஒட்டுவாய் கீழ்நோக்கி அமையும், தூசி தங்காது. பசை காய்ந்தபின் மெல்லத் தண்ணீர் தெளித்தால் சுருக்கம் போய் விறைக்கும். ஏற்கெனவே இழுத்துக்கட்டிய காகிதத்தில் தண்ணீரை வாரித் தெளித்தால் மெல்லிய கம்பைகள் வளைந்துவிடும்.

நீராவி:

தொட்டிக்கு ஹினோக்கி மட்டும்தான் என்றில்லை. ஈரம் தாங்குவதில் கோயாமாக்கி அதைவிட மேல், ஆவோமோரி ஹிபாவும் நல்லது. எந்த மரமானாலும் வைரப்பகுதியைக் கேளுங்கள், வெளிர்ப்பகுதிதான் முதலில் கறுக்கும்.

பலகைகள் சேரும் விளிம்பைச் சுத்தியலால் தட்டி நசுக்கிவிட்டுப் பொருத்துவார்கள். தண்ணீர் பட்டதும் நசுங்கிய நார் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் தொட்டியை நாள்கணக்கில் காயவிடுவது ஆபத்து: நார் சுருங்கி ஒழுக ஆரம்பிக்கும். எப்போதும் ஊறவைத்தாலும் பூசணம் பிடிக்கும். தினமும் வடித்து, அலசி, துடைத்து, காற்றோட்டத்தில் விட்டு, மறுநாள் நிரப்புவதுதான் சரியான சுழற்சி.

வரைபடத்தில் செய்ய வேண்டியது: தொட்டியைத் தரையோடு பதிக்காமல் கல் திண்டுகள்மேல் தூக்கி வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும். கூரை முகட்டில் நீராவி வெளியேற வழி விடுங்கள். குளியல் கட்டைப் பாய் அறைகளிலிருந்து ஒரு நடைவழியால் பிரியுங்கள், இல்லாவிட்டால் ஓதம் தத்தாமிக்குப் போகும். தரைக்கு அகிதாவின் தோவாதா கல் பொருந்தும், ஈரத்திலும் வழுக்காது.

வெந்நீரூற்று நீர் வருமானால் அதன் பகுப்பாய்வைப் பார்த்துவிட்டு உலோகத்தைத் தேர்ந்தெடுங்கள். குசாட்சு வெந்நீரூற்று ஊரின் நீர் பிஎச் 2 அளவுக்கு அமிலம், ஆணியையும் பட்டையையும் அரித்துவிடும். கந்தக ஆவி குளிர்சாதனப் பெட்டியின் தாமிரக் குழாயைக்கூட விடாது. கும்மாவில் ஹோஷி ஓன்சென் விடுதியின் 1895-ஆம் ஆண்டு மரக் குளியல் கூடத்தைப் பாருங்கள். தொட்டியின் அடியில் கிடக்கும் கூழாங்கற்களுக்கு இடையிலிருந்தே ஊற்று பொங்கி வருகிறது. குழாய் இல்லாத இடத்தில் அரிப்பதற்குக் குழாயும் இல்லை.

வரைபலகை:

மிக்க நன்றி. 3940-க்கு மாற்றிவிட்டேன், பாய் உட்கார்ந்துவிட்டது. தோக்கோனோமா தூணுக்குக் கித்தாயாமா சுகியின் (கியோட்டோவின் வடமலைப் பக்கத்து ஜப்பானிய தேவதாரு) பட்டை நீக்கிய உருளைமரம் வைக்கலாமா? வெடிக்குமோ?

கரணை:

தாராளமாக வைக்கலாம். சுவர்ப்பக்கம் மறையும் முகத்தில், நுனிமுதல் அடிவரை நடுநெஞ்சு தொடும் ஆழத்துக்கு ஒரு ரம்பக்கீறல் போட்டு ஆப்பு வைத்து உலர்த்தியதா என்று கேட்டு வாங்குங்கள். மரம் சுருங்கும்போது அந்தக் கீறல் விரியும், முன்முகம் வெடிக்காது. அறைச் சூடேற்றியின் காற்று தூண்மேல் நேராக அடிக்காதபடி சூடேற்றியை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.